தோல்வியில் தன் பங்கை ஏற்றல்

விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பு, கான்சாபுரம், கூமாப்பட்டி பக்கத்து ஊர்களில் வெள்ளாமை பொய்த்தாலும், வட்டி முற்றினாலும், பிள்ளை தேர்வில் தவறினாலும் கிறிஸ்தவ வீடுகளில் மூன்று விளக்கங்கள் உடனே வாய்க்கு வரும். கர்த்தருடைய சித்தம் என்பது ஒன்று. சத்துருவின் போராட்டம் என்பது இன்னொன்று. ஜெபம் போதவில்லை, விசுவாசம் குறைந்துவிட்டது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வேதாகமத்தில் இடம் உண்டு. ஆனாலும் யார் எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்ற கேள்வி மூன்றிலும் எழுவதே இல்லை. மூன்றாவது விளக்கம் பொறுப்பை ஏற்பதுபோலத் தோன்றும். உண்மையில் அதுவும் நகையை அடகு வைத்து வாங்கிய பணம் எங்கே போனது என்று பார்க்கவிடாமல், முழங்காலில் நின்ற நேரத்தை எண்ண வைக்கிறது.

தன் தவறைத் தன் தவறு என்று சொன்னால் கடவுளின் ஆளுகையை மறுத்ததாகிவிடுமோ என்ற பயம் பலரிடம் இருக்கிறது. எல்லாம் அவர் கையில் என்று பாடிவிட்டு, இது என்னால் கெட்டது என்று எப்படிச் சொல்வது? இந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. மன்னிப்பு உண்டு என்று நம்புகிறவரால்தான் தவறை முழுதாகத் திரும்பிப் பார்க்க முடியும். மன்னிப்பே கிடையாது என்று நினைக்கிறவருக்கு மறைப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. ஆகவே பொறுப்பேற்பது விசுவாசத்தின் விளைவு. விசுவாசம் தளர்ந்ததற்கு அது அடையாளம் ஆகாது.

சாக்குச் சொன்னவர்களும் சொல்லாதவர்களும்

பழியைத் தள்ளிவிடும் பழக்கம் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான். அவளைத் தந்தவர் கடவுள்தானே என்று அவரையும் சேர்த்துக் காட்டுகிறான். ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். யாத்திராகமம் 32-இல் ஆரோன் சொல்லும் காரணம் இன்னும் வியப்பானது. ஜனங்கள் தந்த பொன்னை நெருப்பில் போட்டதாகவும் கன்றுக்குட்டி தானாக வெளியே வந்ததாகவும் மோசேயிடம் சொல்கிறார். அதே அதிகாரத்தில் சற்று முன்புதான் அவர் சிற்பக் கருவியால் அதை வடித்ததாக எழுதியிருக்கிறது. சவுல் ராஜா வேறு வகை. கொள்ளையில் நல்ல ஆடுமாடுகளை ஏன் விட்டுவைத்தாய் என்று சாமுவேல் கேட்டதும், ஜனங்கள் வைத்துக்கொண்டார்கள், அதுவும் பலியிடுவதற்காகத்தான் என்கிறார். பக்தியையே சாக்காக்குவது இப்படித்தான் நடக்கிறது. சபைக் காரியம், ஊழியம், காணிக்கை என்ற பெயரில் வீட்டுக் கடமையைக் கைவிட்டவர்கள் 1 சாமுவேல் 15-ஐ ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

தாவீது செய்த குற்றம் சவுலின் குற்றத்தைவிடப் பெரியது. ஒருவனுடைய மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்லச் செய்தவர் அவர். நாத்தான் தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேரே சொன்னபோது படைத்தலைவன் யோவாபையோ போரையோ பத்சேபாளையோ அவர் இழுக்கவில்லை. தான் பாவம் செய்ததாக ஒரே வரியில் ஒப்புக்கொள்கிறார். மன்னிப்பும் அங்கேயே அறிவிக்கப்படுகிறது. விளைவுகளோ நீங்கவில்லை. அவருடைய வீட்டில் அதன்பின் நடந்த சண்டையும் சாவும் 2 சாமுவேலின் மீதிப் பகுதியை நிறைக்கின்றன. மன்னிப்புக் கிடைத்ததும் விளைவுகளும் மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கடன் வாங்கியவர் மனந்திரும்பிய மறுநாளும் கடன் அப்படியேதான் இருக்கும்.

சோதனைக்கு உள்ளாகும்போது தன்னைச் சோதிக்கிறவர் கடவுள் என்று யாரும் சொல்லக்கூடாது, அவனவன் தன் இச்சையினாலேயே இழுக்கப்படுகிறான் என்பது யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம் தரும் தெளிவான போதனை. பிசாசின் மேல் பழி போடும் வழக்கத்துக்கும் இதுவே பதில்.

பங்கு பிரித்துப் பார்த்தல்

பொறுப்பேற்பது என்றால் நடந்த எல்லாவற்றையும் தன் தலையில் சுமந்துகொள்வது என்று பொருள் இல்லை. எது தன்னால் வந்தது, எது தன் கைக்கு அப்பாற்பட்டது என்று முதலில் பிரிக்க வேண்டும். மனதுக்குள் வைத்துப் பிரிப்பதைவிட நோட்டில் எழுதிப் பிரிப்பது நல்லது. மனம் ஒரு நாள் எல்லாவற்றையும் பிறர் மேல் தள்ளும், மறுநாள் எல்லாவற்றையும் தன் மேல் இழுத்துக்கொள்ளும்.

கான்சாபுரத்துப் பக்கம் நெல்லும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளை நம்பி இப்பகுதியில் 7,000 ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. மலையில் மழை இல்லையென்றால் அணையில் தண்ணீர் இல்லை; கண்மாய்க்கும் வராது. அது அவருடைய குற்றம் ஆகாது. இரவில் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனால் அதற்கும் அவர் பொறுப்பில்லை. அறுவடை நேரத்தில் நெல் விலை இறங்குவதும் அப்படியே. இவற்றுக்காக அவர் பாவமன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அரசிடம் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம், கடவுளிடம் முறையிடலாம். சங்கீதப் புத்தகத்தில் முறையீடுகள் நிறையவே இருக்கின்றன.

அதே விவசாயியின் நோட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. அணையில் தண்ணீர் குறைவு என்று தெரிந்தும் முழு நிலத்திலும் நெல்லே நட்டாரா? மண்ணைச் சோதிக்காமல் கடைக்காரர் சொன்ன மருந்தையெல்லாம் அடித்தாரா? பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டிய பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். அதைக் கட்டக் கடைசித் தேதி வரை தள்ளிப்போட்டு, பிறகு விட்டுவிட்டாரா? கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிக் கட்டினால் வட்டி கிடையாது. அப்படி இருக்க, அந்தப் பணத்தை மகள் சடங்குக்குச் செலவழித்துவிட்டு, தவணை வந்ததும் தனியாரிடம் வட்டிக்கு வாங்கினாரா? இந்தக் கேள்விகளில் எதற்காவது ஆம் என்பது பதிலானால் அது அவருடைய பங்கு. உபவாச ஜெபம் இருந்தாலும் அடுத்த பருவத்தில் அதே காரியம் அதே விளைவையே தரும். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்டது லூக்கா 14-இல் இருக்கிறது. சீடத்துவத்துக்காகச் சொன்னதுதான் அது. என்றாலும் கணக்குப் பார்ப்பதை அவர் விசுவாசக் குறைவாக எண்ணவில்லை என்பது அதிலேயே தெரிகிறது.

தொழிலிலும் இப்படித்தான். சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி அளவு சரியில்லை என்று திரும்பி வந்தால், கண் பட்டுவிட்டது என்பதற்கு முன்னால் தறியையும் நூலையும் அனுப்பும் முன் யார் சரிபார்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அரசுத் தேர்வில் தவறிய பிள்ளை எத்தனை பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்த்தான் என்று தானே சொல்லட்டும். பெற்றோர் அதைக் கேட்கும்போது குரலில் குற்றம்சாட்டல் இருந்தால் பொய்தான் பதிலாக வரும்.

பங்கு பிரிப்பதில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம், பலர் சேர்ந்து செய்த தவறு. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இம்மாதிரி விபத்துகள் நடக்கும்போதெல்லாம் விதி என்ற பேச்சும் தண்டனை என்ற பேச்சும் எழுகின்றன. இயேசுவின் காலத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். மாண்ட தொழிலாளியின் மேல் குற்றம் சுமத்தும் வாய்ப்பு அதோடு முடிகிறது. அறைக்குள் அனுமதிக்கு மேல் ஆள் உட்கார வைப்பவர், மருந்துக் கலவையில் அவசரம் காட்டும் போர்மேன், சோதனைக்கு வந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரி ஆகியோரின் பங்கோ அப்படியே நிற்கிறது. அவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவராக இருந்தால், இந்த அத்தியாயம் முதலில் அவருக்குத்தான்.

யாரிடம் சொல்வது

கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையார் திருவிருந்துக்கு முன் சபையாகக் கூடிப் பாவ அறிக்கை செய்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் தனி ஜெபத்தில் அழுது அறிக்கையிடுவது வழக்கம். இந்த மூன்று முறைகளுமே கடவுளிடம் சொல்வதற்கு உரியவை. ஏமாந்த மனிதரிடம் சொல்வது இவற்றில் எதிலும் அடங்காது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவர், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்பது மலைப்பிரசங்கத்தில் உள்ள ஒழுங்கு. ஆராதனையைப் பாதியில் நிறுத்தச் சொல்லும் கட்டளை இது. இதைப் பிரசங்கத்தில் கேட்டவர்கள் அதிகம். நடந்துபோய்ச் செய்தவர்கள் குறைவு.

சொல்லும்போது காரணத்தைச் சேர்க்காமல் செய்ததை மட்டும் சொல்வது முக்கியம். "அண்ணாச்சி, வைகாசியில தாரேன்னு சொல்லி வாங்குன பணத்த நான் வேற செலவுக்குப் போட்டுட்டேன். ஒங்ககிட்ட பொய் சொன்னேன். மாசம் மூவாயிரம் வீதம் கட்டிருதேன்." இந்த அளவு போதும். வீட்டு நிலைமை, மனைவியின் உடல்நலம், மழை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அவர் கேட்டால் சொல்லலாம். முதலிலேயே அவற்றைச் சொன்னால் கேட்கிறவர் மன்னிப்பதற்குப் பதிலாக ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகிறார்.

பெரியவர்கள் சின்னவர்களிடம் தவறை ஒப்புக்கொள்வது நம் குடும்பங்களில் அரிது. கோபத்தில் மகனை அடித்த அப்பா மறுநாள் புரோட்டா வாங்கி வந்து சமாதானம் செய்வார்; வாய் திறந்து சொல்ல மாட்டார். "நேத்து உன்ன அடிச்சது தப்புப்பா" என்று ஒருமுறை கேட்ட பிள்ளை, வளர்ந்தபின் தன் தவறையும் மறைக்காமல் சொல்லக் கற்றுக்கொள்ளும். தகப்பனின் மதிப்பு இதனால் குறைவதில்லை. கணவன் மனைவிக்கு இடையிலும் இதே முறைதான்.

மற்றவரின் இரகசியம் கலந்த தவறைச் சபை நடுவே சாட்சியாகச் சொல்லக்கூடாது. ஒரு பெண்ணுக்குச் செய்த துரோகத்தை மேடையில் கண்ணீரோடு சொல்கிறவர் மனபாரம் இறங்கிப் போய்விடுவார். மறுநாள் தெருவில் நடக்க வேண்டியவள் அந்தப் பெண். யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவர் வரைக்கும் அறிக்கை போகட்டும். அதைத் தாண்ட வேண்டியதில்லை. சட்டக் குற்றமானால் காவல் நிலையமும் நீதிமன்றமும் உண்டு. குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தைச் சபைக்குள் பேசி முடிப்பது மன்னிப்பு ஆகாது, இன்னொரு குற்றம்.

ஈடு செய்தல்

லேவியராகமம் 6-இல் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அடைக்கலமாக வைத்த பொருளையோ ஏமாற்றிப் பறித்ததையோ வைத்திருப்பவன் முதலை முழுதும் திருப்பித் தந்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குற்றநிவாரண பலி சொல்லப்படுகிறது. வரிதண்டுவோரின் தலைவனான சகேயு இன்னும் மேலே போய், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் தருவதாகச் சொன்னார். இரட்சிப்பு இந்த வீட்டுக்கு வந்தது என்ற அறிவிப்பு அந்தக் கணக்கைச் சொன்ன பிறகு வருகிறது.

தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்குப் பொருத்தமான நிகழ்ச்சி தஞ்சாவூரில் நடந்தது. 1787-இல் மரணப்படுக்கையில் இருந்த மராட்டிய மன்னர் துளஜா, தான் தத்தெடுத்த பத்து வயதுச் சரபோஜியை லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் பொறுப்பில் விட விரும்பினார். சுவார்ட்ஸ் அதை ஏற்கவில்லை. மன்னரின் தம்பி முறையான அமர்சிங்கைக் காப்பாளராக வைக்கும்படி ஆலோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்ன ஆலோசனைதான். மன்னர் இறந்தபின் தத்து செல்லாது என்ற பண்டிதர்களின் கருத்தின் பேரில் கிழக்கிந்தியக் கம்பெனி அமர்சிங்கையே அரசராக்கியது. சிறுவன் சரபோஜி காவலில் அடைபட்டான். முறையான படிப்பும் கிடைக்கவில்லை. எல்லாம் இறைசித்தம் என்று சுவார்ட்ஸ் ஒதுங்கிப் போயிருக்கலாம். வயதும் அறுபதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் அவர் சென்னை அரசுக்கு மனு மேல் மனு அனுப்பிச் சிறுவனுக்குப் பாதுகாப்புக் கேட்டார். 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டுக் கல்வி பெற்றார். வாரிசுரிமை வழக்கும் மறுபடி விசாரிக்கப்பட்டது. சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் இறந்தார். சரபோஜி அரியணை ஏறியது அதே ஆண்டு ஜூனில். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த அந்த மன்னர், சுவார்ட்ஸுக்காகச் செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் இருக்கிறது. ஒரு தவறான ஆலோசனையின் விளைவைச் சரிசெய்யப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டனின் கதையில் தாமதம் இன்னும் நீளம். 1748-இல் கடலில் புயலுக்குத் தப்பியபோது கடவுளிடம் திரும்பியவர், அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பலில் வேலை செய்தார், தலைவனாகவும் இருந்தார். பின்னர் குருவானவர் ஆனார், பாடல்கள் எழுதினார். அடிமை வணிகத்தில் தன் பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788-இல்தான். பாராளுமன்றக் குழுவின் முன்னும் தான் கண்டதைச் சொன்னார். பிரிட்டன் அந்த வணிகத்தைச் சட்டத்தால் தடுத்த 1807-ஆம் ஆண்டின் டிசம்பரில் இறந்தார். மனந்திரும்புதல் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. நாற்பது ஆண்டு கழித்துத் தெரிந்தாலும் அன்று சொல்வதே கடமை.

வீட்டளவில் ஈடு செய்வதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல், மாதம் எவ்வளவு முடியும் என்ற உண்மையான தொகை, கட்டியதற்குக் கையெழுத்து இருந்தால் போதும். சின்னத் தொகையானாலும் தவறாமல் கட்டுவது நம்பிக்கையைத் திருப்பிக் கொண்டுவரும். புதுக்கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பது ஈடாகாது. தசமபாகம் கொடுத்தால் கடன் தானாகத் தீரும் என்று எந்தப் பிரசங்கியாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அளவுக்கு மீறிய குற்றவுணர்வு

இயேசுவை மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். இருவரும் வருந்தினார்கள். யூதாஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாக வாயால் ஒப்புக்கொள்ளவும் செய்தான். அவன் போன இடம்தான் தவறு. தன்னைப் பயன்படுத்திவிட்டு, அது உன்பாடு என்று கைவிரித்தவர்களிடம் போனான். பேதுரு அழுதபின் மற்ற சீடர்களோடேயே இருந்தான். கடற்கரையில் இயேசு அவனைச் சந்தித்தபோது அவன் அவர்கள் நடுவில்தான் இருந்தான். தோற்றவர் சபைக்கு வருவதை நிறுத்துவது, வெட்கத்தால் உறவுகளைத் துண்டிப்பது இரண்டுமே ஆபத்தானவை. தேவனுக்கேற்ற துக்கம் வாழ்வுக்கு நடத்தும், லௌகிக துக்கம் சாவுக்கு நடத்தும் என்று பவுல் கொரிந்தியருக்கு வேறுபடுத்திச் சொல்வது இதைத்தான். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டுகிற வருத்தம் நல்லது. எதுவும் செய்யவிடாமல் தன்னையே வெறுக்க வைப்பது நல்லதாகாது.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஜெபத்தோடு மருத்துவ உதவியும் உடனே வேண்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும், தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

தனக்கு உரியதல்லாத குற்றத்தைச் சுமப்பதும் தவறுதான். குடித்துவிட்டு அடிக்கும் கணவனின் தவறுக்கு மனைவியின் பொறுமைக் குறைவு காரணமாகாது. 181 என்ற உதவி எண் அவளுக்காக இருக்கிறது. பிள்ளை இல்லாத தம்பதி எந்தப் பாவத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்றுதான் பதில் வந்தது. வாங்கிய கடன் தன் பொறுப்பு என்று ஏற்றவர் கந்துவட்டிக்காரரின் மிரட்டலையும் ஏற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-இலிருந்து இருக்கிறது.

சபையின் கடமை

சாட்சி நேரத்தில் வெற்றிகள் மட்டுமே சொல்லப்படும் சபையில் தோற்றவருக்கு இடம் இல்லாமல் போகிறது. வீடு கட்டியவர், வேலை கிடைத்தவர், வெளிநாடு போனவர் வரிசையில், இந்த வருடம் கணக்குத் தப்பாகப் போட்டு நஷ்டப்பட்டேன், கடவுள் தாங்கினார் என்று ஒருவர் சொல்ல முடிய வேண்டும். அதற்குப் போதகரும் மூப்பர்களும் தங்கள் தவறுகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சபைக் கணக்கை வருடாவருடம் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவது நல்ல தொடக்கம்.

ஒப்புக்கொண்டவரைத் திரும்பச் சேர்ப்பதிலும் நிதானம் தேவை. ஊழியப் பயணத்தைப் பம்பிலியாவில் பாதியில் விட்டுப் போன மாற்குவை அடுத்த பயணத்தில் சேர்க்கப் பவுல் மறுத்தார். பர்னபா அவரைக் கூட்டிக்கொண்டு வேறு வழி போனார். பிற்காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவை அழைத்து வரும்படி பவுலே கேட்கிறார், ஊழியத்துக்கு உதவியானவர் என்று. மறுத்ததும் பிறகு அழைத்ததும் இரண்டுமே நடந்தன. காணிக்கைப் பணத்தைக் கையாடிய பொருளாளர் மனந்திரும்பினால் அந்த ஞாயிறே திருவிருந்துக்கு வரலாம். பெட்டிச் சாவி அவர் கைக்கு உடனே திரும்பக்கூடாது. முழுத் தொகையும் வந்து, சில ஆண்டுகள் சிறு பொறுப்புகளில் அவர் நடந்துகொள்வதைப் பார்த்த பிறகே அதைப் பற்றிச் சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டி யோசிக்கலாம். யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அதற்கு உரிமை உண்டு.